சாட்சி சொல்லும் அறிவுக்கு என்ன கூலி?

1675ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கொச்சியில் சில சான்றிதழ்கள் எழுதப்பட்டன. அவற்றுள் ஒன்றை எழுதியவர் கரப்புறத்தைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். மொழி மலையாளம், எழுத்து கோலெழுத்து. மற்றொன்றை ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் மூன்று கொங்கணி வைத்தியர்கள் நாகரி எழுத்தில் கொங்கணி மொழியில் எழுதினர். டச்சுக் கம்பெனியின் மலபார்த் தளபதியாக இருந்த வான் ரீட் தொகுப்பித்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் தாவர நூலின் முதல் தொகுதியில் இவை அச்சேறின. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த அந்நூலின் நம்பகத்தன்மைக்கு இந்த உள்ளூர் வைத்தியர்களின் சொல்லே முதல் ஆதாரம்.

அச்சான்றிதழ்கள் சொல்ல முனைவது மூன்று செய்திகளை: சொல்பவர் யார், அவருக்கு இந்த அறிவு எவ்வழியில் வந்தது, அவர் சொன்னது எந்த அளவுக்கு உண்மை. இட்டி அச்சுதன் சொன்னதைப் போர்த்துகீசிய மொழியில் பெயர்த்த இமானுவேல் கர்னெய்ரோவும் தம் பங்குக்குத் தனியே சான்று எழுதினார். சாட்சிக் கூண்டில் ஏறும் நிபுணரிடம் இன்றைய நீதிமன்றம் கேட்கும் முதல் மூன்று கேள்விகளும் இவைதாம். மொழிபெயர்ப்பாளரும் தம் பெயர்ப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதும் இன்றைய விதியே. ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கொச்சியில் அறிவு முறையாகச் சாட்சி சொல்லியிருக்கிறது.

ஆனால் அன்று அந்த அறிவாளர்களை ஓரிடத்தில் கூட்டுவதற்கு அதிகாரமும் வசதியும் கொண்ட ஒரு தளபதி முன்னின்றார். அதே ஊரில், தளபதியல்லாத ஒருவருக்குத் தம் வழக்கில் அறிந்தவர் ஒருவர் வந்து பேச வேண்டிய தேவை ஏற்பட்டால் என்ன ஆகும்? அதற்கு எவ்வளவு செலவாகும்? அச்செலவை யார் ஏற்பார்? செலவழிக்க இயலாதவருடைய உண்மை எங்கே போகும்? சட்டம் படிப்பவர்களைவிட மொழியியல், வரலாறு, கல்வெட்டியல் போன்ற துறைகளில் ஆய்வு செய்பவர்கள் இக்கேள்விகளைக் குறைவாகவே எதிர்கொள்கிறார்கள். எதிர்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டிலிருந்து ஜூ டவுன் வரை நடந்தால் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ், தக்கனி உருது ஆகிய மொழிகளைக் காதால் கேட்டுவிடலாம். மிளகும் சுக்கும் கைமாறிய அந்தத் தெருக்களில் கணக்கும் பல மொழிகளில் எழுதப்பட்டது. காயலைப் பார்த்து நிற்கும் பாண்டிகசாலைகள், அதாவது பழைய பண்டகசாலைகள், இன்று பல கைகளுக்கு மாறிவிட்டன. 2012இல் கொச்சி–முசிறிஸ் பினாலே தொடங்கிய பிறகு சில கட்டடங்கள் ஓவியக் கூடங்களாயின, சில உணவகங்களாயின. கட்டடத்துக்கு மதிப்பு ஏறினால் பரணில் கிடக்கும் காகிதத்துக்கும் மதிப்பு ஏறும். காகிதம் இறங்கி வரும்போது அதைப் படிக்கத் தெரிந்தவர் தேவைப்படுகிறார். டச்சுக் காலத்துக் கொச்சி ஆவணங்களைத் தேட வேண்டுமானால் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். போனாலும் பழைய டச்சு மொழி தெரிந்தவர் உடன் வேண்டும்.

அத்தகைய ஊரில் எழக்கூடிய ஒரு வழக்கை எண்ணிப் பார்க்கலாம். இது எந்தக் குறிப்பிட்ட குடும்பத்தின் கதையும் அன்று. ஆனால் இதிலுள்ள சிக்கல் ஒவ்வொன்றும் சட்டத்திலும் ஏட்டிலும் உள்ளதே. எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர். மூன்று தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து மிளகுத் தரகு செய்த குடும்பம். அவருடைய பாட்டனார் காலத்துப் பங்குப் பத்திரம் ஒன்றில், பண்டகசாலையில் அக்குடும்பத்துக்கு உள்ள பங்கு சொல்லால் எழுதப்படாமல் பழைய தமிழ்ப் பின்னக் குறியால் எழுதப்பட்டிருக்கிறது. மை தேய்ந்திருக்கிறது. அக்குறி அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு என்கிறார் பெரியவர். இருமா, அதாவது பத்தில் ஒரு பங்கு என்கிறார்கள் பங்காளிகள். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நாற்பதில் ஒன்று. பழைய கணக்கில் சொன்னால் அரைமா. கட்டடத்தின் மதிப்பு 40 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வழக்கின் உண்மையான மதிப்பு 1 லட்சம் ரூபாய்.

பெரியவர் ஓர் ஆராய்ச்சி மாணவியைத் தேடிப் போகிறார். பழைய தமிழ் எண்களைப் பற்றி அவர் ஆய்வு செய்வதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டுகிறார்.

“அரைக்கால் மாதிரிதான் தெரியுது ஐயா. ஆனா மூலத்தைப் பார்க்காம உறுதியாச் சொல்ல முடியாது.”

“மூலம் கோர்ட்டுல இருக்கும்மா. நீ வந்து பார்த்துச் சொல்லணும். அதுக்கு உனக்கு என்ன குடுக்கணும்?”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம் ஐயா.”

பெரியவர் மகிழ்கிறார். அவருடைய வழக்கறிஞருக்கு மகிழ்ச்சியில்லை. பணம் வாங்கி வந்தால் ‘விலைக்கு வாங்கப்பட்டவர்’ என்று எதிர்த்தரப்பு கேட்கும். வாங்காமல் வந்தால் ‘அப்படியானால் இவர்மீது உங்களுக்கு என்ன அக்கறை?’ என்று கேட்கும். இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே: செய்த வேலைக்கு, முன்கூட்டியே சொல்லப்பட்ட, வழக்கின் முடிவைச் சாராத, மறைக்கப்படாத ஊதியம். நாணக்கேடானது ஊதியம் அன்று. வென்றால் இவ்வளவு, தோற்றால் இவ்வளவு என்று பேசப்படும் ஊதியமே. பெருந்தன்மையால் ஊதியத்தை மறுப்பவர் தம்மையும் அறியாமல் தம் சாட்சியத்தின் வலுவைக் குறைத்துவிடக்கூடும்.

வேலை என்று எதையெல்லாம் கணக்கிடுவது? நீதிமன்றக் காவலிலுள்ள மூலத்தை அனுமதி பெற்று, அலுவலர் முன்னிலையில் பார்க்க வேண்டும். ஒரு குறியை மட்டும் பார்த்துப் பயனில்லை. அதே கை எழுதிய மற்ற குறிகளோடு ஒப்பிட வேண்டும். குடும்பத்தின் பழைய பேரேடுகள் தூத்துக்குடியில் ஓர் உறவினர் வீட்டில் இருந்தால் அங்கே போக வேண்டும். பிறகு அறிக்கை எழுத வேண்டும். தமிழ் எண்களை அறியாத நீதிபதிக்கு அது விளங்க வேண்டும். சாட்சியம் சொல்ல ஒரு நாள். குறுக்கு விசாரணைக்கு இன்னொரு நாள். இடையில் வாய்தா. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேறு நீதிமன்றத்தில் வேலை என்றால் வந்த நாள் வீண். திரும்ப வர வேண்டும். நிபுணரின் செலவு அறிக்கையில் கூடுவதைவிடக் காத்திருப்பில்தான் மிகுதியாகக் கூடுகிறது. எதிர்த்தரப்பும் ஒரு நிபுணரை அழைத்தால், அவருடைய அறிக்கையைப் படித்து மறுமொழி எழுதும் வேலையும் சேரும். 1 லட்சம் ரூபாய் வேறுபாட்டுக்காக நடக்கும் வழக்கில் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதைப் பெரியவர் விரல்விட்டு எண்ணியே அறிந்துகொள்வார்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 45ஆம் பிரிவில் அயல்நாட்டுச் சட்டம், அறிவியல், கலை, கையெழுத்து, விரல்ரேகை ஆகியவை பற்றி நிபுணர் கருத்தை ஏற்றது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமம் 39ஆம் பிரிவில் ‘வேறு எந்தத் துறையும்’ என்ற பொருளுள்ள சொற்களைச் சேர்த்தது. ‘மொழியியல் அறிவியலா, கலையா?’ என்று வாதிட்டுக்கொண்டிருந்த தேவை இதனால் குறைகிறது. பழைய சட்டத்தின் 98ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. தெளிவாகப் படிக்க முடியாத எழுத்து, வழக்கொழிந்த சொல், வட்டார வழக்கு, சுருக்கக் குறி ஆகியவற்றின் பொருளை விளக்கச் சாட்சியம் தரலாம் என்று அது சொன்னது. தன் கூடத்திலுள்ள பொருள்களை ஒரு சுருக்கச் சொல்லால் குறித்து விற்க ஒப்பந்தம் செய்த சிற்பி ஒருவர், அச்சொல்லால் மாதிரி உருவங்களைக் குறித்தாரா, கருவிகளைக் குறித்தாரா என்பது அப்பிரிவின் எடுத்துக்காட்டு. மட்டாஞ்சேரிப் பத்திரத்தின் தேய்ந்த குறிக்கும் அதே வாயில் திறந்திருக்கிறது.

செலவைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16ஆம் கட்டளை, 2ஆம் விதியின்படி, சாட்சியை அழைக்கும் தரப்பு அவருடைய பயணச் செலவையும் ஒரு நாள் வருகைக்கான செலவையும் முன்கூட்டியே நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். நிபுணர் என்றால் சாட்சியம் சொல்லும் நேரத்துக்கு மட்டுமன்றி, வழக்குக்குத் தேவையான நிபுணத்துவ வேலைக்குச் செலவிட்ட நேரத்துக்கும் நியாயமான ஊதியத்தை நீதிமன்றம் அனுமதிக்கலாம். குற்ற வழக்குகளில் சாட்சிகளின் நியாயமான செலவை அரசு தருமாறு நீதிமன்றம் ஆணையிட வழியுண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு இன்று பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 350ஆம் பிரிவாக இருக்கிறது. நிபுணர் பிழைப்புக்காகப் பேசுகிறாரோ என்ற ஐயத்தைச் சட்டம் தொடக்கத்திலேயே களைந்திருக்கிறது. அவருடைய நேரத்துக்கு விலையுண்டு. அவ்விலையை நிர்ணயிப்பதில் நீதிமன்றத்துக்குப் பங்குண்டு.

இடைவெளி வேறோர் இடத்தில் இருக்கிறது. வறியவர் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒருவருக்கு 33ஆம் கட்டளையின்கீழ் நீதிமன்றக் கட்டணமும் அழைப்பாணை சார்பு செய்யும் கட்டணமும் விலக்கப்படுகின்றன. நிபுணருக்குத் தர வேண்டிய தொகையை அந்த விலக்கு குறிப்பிடவில்லை. நீதிமன்ற வாயிலைக் கடக்கக் கட்டணமில்லை; உள்ளே போனபின் உண்மையை நிறுவுவதற்குக் கட்டணமுண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் முதலிய பலருக்கு இலவசச் சட்ட உதவிக்கான உரிமையை வழங்குகிறது. ஆனால் சட்ட உதவி என்றதும் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவது ஒரு வழக்கறிஞரின் உருவம் மட்டுமே. பின்னக் குறியைப் படிக்கத் தெரிந்தவரோ, கட்டடத்தின் விரிசலை அளக்கத் தெரிந்தவரோ, எலும்பு முறிவின் காரணத்தைச் சொல்லத் தெரிந்தவரோ அந்தப் படத்தில் இல்லை.

அந்த இடைவெளி ஒரு மனிதரின் வாழ்வை எப்படி விழுங்கும் என்பதற்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு வழக்கு உண்டு. 1985இல் பர்மிங்காம் பகுதியில் நடந்த இரண்டு கொலைகளுக்காக ஆந்தனி ரே ஹிண்டன் என்ற கறுப்பின இளைஞர் கைதானார். அவருடைய தாயின் வீட்டில் கிடைத்த துப்பாக்கியிலிருந்தே குண்டுகள் பாய்ந்தன என்ற ஒப்பீட்டைச் சுற்றியே வழக்கு நின்றது. அதை மறுக்க ஒரு துப்பாக்கி நிபுணர் வேண்டும். வழக்கறிஞர் பணம் கேட்டார்; ஒரு கொலைக்கு 500 டாலர் வீதம் 1,000 டாலர் அனுமதிக்கப்பட்டது. அதற்குமேல் சட்டம் இடம் தராது என்று வழக்கறிஞர் நம்பினார். உண்மையில் அந்த வரம்பு அதற்கு முன்பே நீக்கப்பட்டிருந்தது. நியாயமான எந்தச் செலவையும் கேட்டிருக்கலாம். 1,000 டாலருக்குக் கிடைத்தவர் ஒற்றைக் கண் பார்வையுள்ள ஒரு பொறியாளர். துப்பாக்கித் தடய ஒப்பீட்டில் போதிய தகுதியில்லாதவர் என்பது வழக்கறிஞருக்கே தெரிந்திருந்தது. நுண்ணோக்கியை இயக்குவதற்கே அவர் தடுமாறியதை அரசுத் தரப்பு குறுக்கு விசாரணையில் வெளிக்கொணர்ந்தது. ஹிண்டனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

பிற்காலத்தில் தேர்ந்த நிபுணர்கள் மூவர் அதே குண்டுகளை ஆராய்ந்து, அவை அந்தத் துப்பாக்கியிலிருந்தே வந்தவை என்று சொல்ல முடியாது என்றனர். 2014 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கறிஞரின் பிழையைக் கடும் குறைபாடாகக் கண்டது. 2015 ஏப்ரல் 3 அன்று ஹிண்டன் விடுதலையானார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். அவரைச் சிறையில் வைத்திருந்தது பொய்ச்சாட்சி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மலிவாகக் கிடைத்த சாட்சியும் அதில் பங்கு கொண்டது. நிபுணர் இல்லாமல் போவதைவிட, தகுதியற்ற நிபுணர் கூண்டில் ஏறுவது சில வேளைகளில் கேடு மிகுந்தது. தகுதியின்மை அம்பலமாகும்போது அவர் சொன்ன உண்மையும் சேர்ந்தே சரிந்துவிடுகிறது.

இந்தியாவில் மருத்துவ வழக்குகள் இதே சுமையை வேறு வடிவில் காட்டுகின்றன. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பாதுகாப்பை வகுத்தது: மருத்துவர்மீது தனிநபர் குற்றப் புகார் கொடுத்தால், மற்றொரு தகுதியுள்ள மருத்துவரின் நம்பத்தக்க கருத்து முதல்நோக்கு ஆதாரமாக இருக்க வேண்டும். மருத்துவர்களை வீண் வழக்கிலிருந்து காக்கும் நியாயமான ஏற்பாடு அது. ஆயினும் புகார்தாரரின் பக்கத்திலிருந்து பார்த்தால், வழக்கு பிறப்பதற்கு முன்பே நிபுணர் தேவைப்படுகிறார். தம் துறையினருக்கு எதிராகக் கருத்தெழுத ஒரு மருத்துவரைத் தேடிக் கண்டுபிடிப்பது பணத்தால் மட்டும் ஆகும் செலவன்று.

மனைவி அனுராதாவை 1998இல் இழந்த குணால் சாகா நடத்திய வழக்கு இச்செலவின் மறுமுனை. அவரே மருத்துவர், அமெரிக்காவில் வாழ்ந்தவர். இழப்பீட்டை மதிப்பிட அமெரிக்கப் பொருளியல் நிபுணர் ஒருவரைக் காணொலி வழியாகச் சாட்சியம் சொல்ல வைத்தார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 2013 அக்டோபரில், உச்ச நீதிமன்றம் சுமார் 6 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கியது. வழக்குச் செலவு என்ற தலைப்பில் மட்டும் அது அனுமதித்த தொகை 11,50,000 ரூபாய். வென்றபின் கிடைக்கும் தொகை அது; வெல்லும்வரை கையிலிருந்து செலவிட்டாக வேண்டும். துறையறிவும் வெளிநாட்டுத் தொடர்பும் பொறுமையும் ஒருசேர வாய்த்த ஒருவருக்கே அவ்வளவு காலம் பிடித்தது என்றால், பஜார் ரோட்டுச் சுமைதூக்கும் தொழிலாளியின் குடும்பம் எத்தனை படிகள் ஏறவேண்டும்?

அப்படியானால் இரு தரப்பும் தனித்தனி நிபுணரை வைத்துக்கொள்வதை விட்டுவிட்டு, நீதிமன்றமே ஒருவரை அமர்த்தினால் போதாதா? இங்கிலாந்து அத்திசையில் சென்றது. 1996இல் வெளிவந்த வுல்ஃப் பிரபுவின் அறிக்கை, வழக்குச் செலவைப் பெருக்கும் காரணங்களுள் நிபுணர் சாட்சியத்தையும் வைத்தது. 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் இரு தரப்புக்கும் பொதுவான ஒரே நிபுணரை அமர்த்த வழி செய்தன. பணம் தருபவருக்குள்ள கடமையைவிட நீதிமன்றத்துக்குள்ள கடமையே பெரிது என்றும் வரையறுத்தன. இந்தியாவிலும் 26ஆம் கட்டளையில் 1976இல் சேர்க்கப்பட்ட 10அ விதி, அறிவியல் ஆய்வுக்கென ஆணையரை அமர்த்த இடம் தருகிறது. இரு தரப்பு நிபுணர்களையும் ஒரே வேளையில் ஒன்றாக அமர்த்திக் கேட்கும் முறையை தில்லி உயர் நீதிமன்றம் தன் 2018ஆம் ஆண்டு விதிகளில் ஏற்றது. நேரம் மிச்சமாகும், கருத்து எங்கே பிரிகிறது என்பதும் விரைவில் தெரியும்.

ஆனால் பொது நிபுணர் எல்லாவற்றுக்கும் மருந்தாகிவிட மாட்டார். கொச்சியிலுள்ள கேரள உயர் நீதிமன்றம் கேட்ட பிளாச்சிமடை வழக்கு அதற்குச் சான்று. பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பெருமாட்டி ஊராட்சி, கோக்கோ கோலா ஆலைக்கு உரிமம் புதுப்பிக்க 2003இல் மறுத்தது. நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்ற நோக்கில் அவ்வாண்டு டிசம்பரில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு, கோழிக்கோட்டிலுள்ள நீர்வள மேம்பாட்டு மேலாண்மை மையத்தின் ஆய்வைப் பெற்றது. அந்த ஆய்வைச் சார்ந்து, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர்வரை நீர் எடுக்கலாம் என்று 2005 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. அறிக்கையின்மீது பிற்காலத்தில் விமர்சனங்கள் எழுந்தன. அவை சரியா தவறா என்பது வேறு விவாதம். இங்கே கருத வேண்டியது ஒன்றே: நீதிமன்றம் அமர்த்திய நிபுணரின் அறிக்கையைக் கேள்வி கேட்கவும் இன்னொரு நிபுணர் வேண்டும். நீரியல் அறிக்கையை நீரியல் தெரிந்தவரே மடக்க முடியும். ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்கு அத்தகையவர் எளிதில் கிடைப்பார். ஓர் ஊராட்சிக்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. பொது நிபுணரால் செலவு குறையும். சமநிலை தானாக வந்துவிடாது.

செலவைக் குறைக்கும் வேறு வழிகள் இல்லாமலில்லை. 2003இல் பிரஃபுல் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தியாவுக்கு வர இசையாத அமெரிக்க மருத்துவரின் சாட்சியத்தைக் காணொலி வழியாகப் பதிவு செய்யலாம் என்றது. பயணமும் வீணான வாய்தா நாள்களும் மிச்சமாக அது ஒரு வழி. இன்னொன்று வேலையைப் படிப்படியாகப் பிரிப்பது. முதலில் இரண்டு பக்கக் குறிப்பு: இந்த ஆவணம் சாட்சியத்துக்குத் தாங்குமா, தாங்காதா? தாங்காது என்றால் அங்கேயே நின்றுவிடலாம். முழு அறிக்கைக்கும் நீதிமன்ற வருகைக்கும் பிறகு தனித்தனிக் கட்டணம். ‘உங்கள் பக்கம் வலுவில்லை’ என்று தொடக்கத்திலேயே சொல்லும் நிபுணர், வென்று தரும் நிபுணரைவிடச் சில வேளைகளில் கூடுதல் பணத்தைக் காப்பாற்றுகிறார்.

மீதியுள்ள பொறுப்பு கல்வித்துறையைச் சேர்ந்தது. பொதுப்பணத்தில் உதவித்தொகை பெற்று வட்டார வழக்கையும் பழைய எழுத்தையும் கணக்கு முறையையும் கற்பவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அவர்களுடைய அறிவு ஆய்வேட்டில் அடங்கிப் போகிறது. கருத்தரங்கில் படிக்கும் கட்டுரை தன்விவரக் குறிப்பில் ஏறும். நீதிமன்றத்தில் சொன்ன சாட்சியம் பொதுவாக அங்கே எண்ணப்படுவதில்லை. நெறியாளர் அனுமதிப்பாரா, வருகைப் பதிவு என்னாகும், யாருக்காவது பகையாகிவிடுமோ என்ற தயக்கங்களும் உண்டு. பல்கலைக்கழகத் துறை ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள அறிவின் பட்டியலையும் வெளிப்படையான கட்டண விகிதத்தையும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்திடம் கொடுத்து வைக்கலாம். இயன்றவரிடம் முழுக் கட்டணம். இயலாதவருக்கு ஆணையத்தின் வழியாகக் குறைந்த கட்டணம். பணம் தரப்பினரின் கையிலிருந்து நேராக வராமல் நீதிமன்றத்தின் வழியாக வந்தால் ஐயமும் குறையும். முதுகலை வகுப்பில் ஒரு வாரம், அறிக்கை எழுதுவதையும் குறுக்கு விசாரணையில் ‘எனக்குத் தெரியாது’ என்று நேர்மையாகச் சொல்வதையும் கற்பிக்கலாம். ஆய்வேட்டுக்கும் அந்தப் பயிற்சி கெடுதல் செய்யாது.

இவற்றுள் எதுவும் இன்று இல்லாத நிலையில், மட்டாஞ்சேரிப் பெரியவரின் வழக்கு எப்படி முடியும் என்று ஊகிப்பது கடினமன்று. வழக்கறிஞர் செலவுக் கணக்கை எழுதிக் காட்டுவார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பார். பங்காளிகளும் அதே கணக்கை அவர்களுடைய வழக்கறிஞர் அறையில் பார்த்திருப்பார்கள். பிறகு யாரோ ஒருவர் நடுவே வருவார்; அரைக்காலும் வேண்டாம், இருமாவும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவே நில்லுங்கள் என்பார். இருமாவின்மேல் ஒரு காணி; எண்பதில் ஒன்பது பங்கு. 40 லட்சத்தில் 4,50,000 ரூபாய். உரிமை என்று நம்பியதில் 50,000 ரூபாய் குறைவு. நிபுணருக்கு ஆகியிருக்கும் செலவோடு ஒப்பிட்டால் இழப்பில்லை என்றே கணக்கு சொல்லும்.

“போகட்டும்மா, ஒரு காணிதானே” என்று பெரியவர் அந்த மாணவியிடம் சொல்லக்கூடும்.

சமரசம் நல்லதுதான், குடும்பம் பிழைக்கும். ஆனால் பத்திரம் உறைக்குள் திரும்பிப் போகும். பாட்டனார் எழுதியது அரைக்காலா, இருமாவா என்பதை எந்த நீதிமன்றமும் கேட்டிராது. அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அதே ஊரில் இருந்தார் என்பதும் எந்தப் பதிவிலும் ஏறியிராது.